தடுமாறும் மகள், இரண்டு பேர் படகு: கேனோ பயணங்கள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

பதினைந்து வயது மகள் பள்ளிக்குப் போக மறுக்கிறாள். அறைக் கதவு எந்நேரமும் சாத்தியே இருக்கிறது. சாப்பிடக் கூப்பிட்டால் சண்டை, கூப்பிடாமல் விட்டாலும் சண்டை. மதிப்பெண் சரிந்துகொண்டே போகிறது. பழைய தோழிகளைக் காணோம், புதிதாக வந்தவர்கள் யாரென்று தெரியவில்லை. அம்மா அழுகிறார், அப்பா கத்துகிறார், அடுத்த நாள் இருவரும் முறை மாற்றிக்கொள்கிறார்கள். பள்ளி ஆலோசகரைப் பார்த்தாயிற்று, உறவினர்களின் அறிவுரையும் கேட்டாயிற்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்த நிலையில் இருக்கும் பெற்றோரிடம் சிலர் இன்னொரு யோசனையைச் சொல்வார்கள்: ‘அவளைக் கொஞ்ச நாள் கேனோ பயணத்துக்கு அனுப்பிப் பாருங்களேன்.’ கேனோ என்பது துடுப்புப் போட்டுச் செலுத்தும் நீண்ட, ஒடுங்கிய திறந்த படகு.

முதல் தடவை கேட்கும்போது கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும். வீட்டிலேயே சொன்ன பேச்சைக் கேட்காத பெண்ணைக் காட்டுக்கு அனுப்புவதா? கையில் துடுப்பைக் கொடுத்தால் கணக்குப் பாடத்தில் தேறிவிடுவாளா? நியாயமான கேள்விகள்தான். பதிலுக்கு, அந்தப் பயணத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான். ஆறேழு பெண்கள், பயிற்சி பெற்ற இரண்டு வழிகாட்டிகள், மூன்று நான்கு கேனோக்கள். இரண்டு முதல் நான்கு வாரம் வரை சாலையோ கடையோ செல்போனோ இல்லாத ஏரிக்காட்டில் துடுப்புப் போட்டுக்கொண்டே ஊர் ஊராக அல்ல, ஏரி ஏரியாகப் போவார்கள். சமையல், கூடாரம், வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பது எல்லாம் பெண்களின் பொறுப்பு. கடைசியில் பெற்றோர் வந்து சேர்ந்துகொள்வார்கள். அந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் மொத்தப் பயணத்தின் உயிரும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இடம். இந்த வகைப் பயணங்களுக்கு மிகவும் பேர்போனது, மினசோட்டா மாநிலத்தின் வட எல்லையில் கனடாவை ஒட்டியிருக்கும் பவுண்டரி வாட்டர்ஸ் வனப்பகுதி. ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள், பாறைத் தீவுகள், பைன் மரங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒன்டாரியோ மாகாணத்தின் குவெட்டிக்கோ பூங்காவும் கிட்டத்தட்ட அதே அளவு. பனியுகத்தில் பனிப்பாளங்கள் பாறையைச் சுரண்டிவிட்டுப் போன பள்ளங்களில் தண்ணீர் நின்றதால் உண்டான ஏரிகள் இவை. இந்தப் பகுதியின் பழங்குடிகளான ஒஜிப்வே மக்கள் பிர்ச் மரப்பட்டையில் படகு கட்டி இந்த நீர்வழிகளில் போய்வந்தார்கள். இங்கே விளையும் காட்டரிசியை இன்றும் அறுக்கிறார்கள். பின்னால் தோல் வியாபாரத்துக்கு வந்த பிரெஞ்சுப் படகோட்டிகளும் அவர்களிடமிருந்துதான் வழியையும் படகையும் பெற்றார்கள்.

1964-இல் வந்த அமெரிக்க வனச்சட்டம், பிறகு 1978-இல் இந்தப் பகுதிக்கென்றே வந்த தனிச்சட்டம் இரண்டும், அவற்றையொட்டி வந்த விதிகளும் சேர்ந்து இங்கே கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தன. பெரும்பாலான ஏரிகளில் மோட்டார் படகு கூடாது. தகர டப்பாவிலும் கண்ணாடிப் பாட்டிலிலும் உணவு கொண்டுபோகக் கூடாது. ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல், நான்கு படகுக்கு மேல் கூடாது. கடைசியாகச் சொன்ன விதி காட்டைக் காப்பாற்றப் போட்டது. ஆனால் தடுமாறும் பெண்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு அது தானாக வந்த வரம். ஒன்பது பேரில் யாரும் யாருக்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியாது. ஒருத்தி பேசாமல் இருந்தால் அன்று மாலையே எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதும் சுவாரசியமான கதை. குர்ட் ஹான் என்ற ஜெர்மானிய யூதக் கல்வியாளர் 1933-இல் நாஜிகளை எதிர்த்துப் பேசிச் சிறைக்குப் போனார், விடுதலையானதும் பிரிட்டனுக்கு வந்து ஸ்காட்லாந்தில் ஒரு பள்ளி தொடங்கினார். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது கப்பல் நிறுவன முதலாளி லாரன்ஸ் ஹோல்ட் அவரோடு சேர்ந்தார். குண்டடிபட்டு மூழ்கும் கப்பல்களிலிருந்து உயிர்காப்புப் படகில் ஏறியவர்களில், வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்க, உடம்பில் தெம்பிருந்த இளைஞர்கள் மனம் விட்டுப்போய் இறந்தார்கள் என்பது ஹோல்ட்டின் கவலையாக இருந்ததாகச் சொல்வார்கள். அந்த மனத்திடத்தை இளைஞர்களுக்குப் பழக்க இருவரும் 1941-இல் வேல்ஸ் கடற்கரையில் உள்ள அபர்டவியில் தொடங்கிய பள்ளிதான் அவுட்வர்ட் பவுண்ட். அது 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கொலராடோ மலைகளுக்குப் போனது, 1964-இல் மினசோட்டாவின் ஈலி என்ற சிற்றூருக்கு அருகே வந்தது.

அமெரிக்காவில் அதுவரை எல்லாம் பையன்களுக்குத்தான். 1965-இல் அதே மினசோட்டாப் பள்ளி பெண்களுக்கென்று ஒரு பயணம் நடத்தியது. அமெரிக்க அவுட்வர்ட் பவுண்டில் அதுதான் முதல். பெண்கள் படகைச் சுமப்பார்களா, பூச்சிக்கடி தாங்குவார்களா என்று அன்றைக்குப் பலர் சந்தேகப்பட்டார்கள். படகு என்ன எடை என்று பார்த்தால் அவ்வளவு சந்தேகம் தேவையில்லை என்பது என் எண்ணம். ஆனாலும் பழைய அலுமினியப் படகு 30 கிலோவைத் தாண்டும், அதைத் தனியாளாகத் தோளில் தூக்கிக் கரடுமுரடான பாதையில் நடப்பது விளையாட்டில்லை.

படகை ஏன் சுமக்க வேண்டும்? ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவில் தரை இருக்கும், அல்லது படகு போக முடியாத அருவி இருக்கும். அங்கே கரையேறி, மூட்டைகளையும் படகையும் தூக்கிக்கொண்டு அடுத்த தண்ணீர் வரை நடக்க வேண்டும். இதைத்தான் போர்ட்டேஜ் என்கிறார்கள். தூரத்தை ராட் என்ற பழைய அளவில் குறிப்பார்கள். ஒரு ராட் ஐந்து மீட்டர், கிட்டத்தட்ட ஒரு கேனோவின் நீளம். வரைபடத்தில் 20 ராட் என்று போட்டிருந்தால் பெண்களுக்குச் சிரிப்பு வரும். 200 ராட் என்றால் முகம் மாறும், ஒரு கிலோமீட்டர் அல்லவா!

ஒரு போர்ட்டேஜைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். படகின் நடுவில், இரு தோள்களிலும் உட்காரும்படி வளைவாகச் செதுக்கிய ஒரு குறுக்குக்கட்டை இருக்கும். ஒருத்தி படகின் முன்முனையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி கவிழ்ந்த படகுக்குள் குனிந்து நுழைந்து கட்டைக்குத் தோள் கொடுத்து நிமிர்கிறாள். முன்னால் இருந்தவள் கையை எடுக்கிறாள். இப்போது முழு எடையும் ஒருத்தி தோளில். அவளுக்குத் தெரிவது காலடியில் நாலைந்து அடி மண் மட்டும். படகுக்குள்ளே கொசு கூட்டமாக வந்து முகத்தில் மொய்க்கும், விரட்டக் கை கிடையாது, இரண்டு கையும் படகு விளிம்பில். முன்னால் மூட்டையோடு நடப்பவள்தான் கண்: ‘வேர் இருக்கு’, ‘வழுக்குப் பாறை’, ‘இடது பக்கம் போ’ என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். சொல்ல மறந்தால் பின்னால் இருப்பவள் விழுவாள்.

முந்தின நாள் வரை இந்த இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார்கள். பரவாயில்லை, இங்கே பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பது பேச்சே இல்லை. ஒருத்தியின் கணுக்கால் இன்னொருத்தியின் குரலை நம்பி இருக்கிறது. ‘நீ இல்லாவிட்டால் இது நடக்காது’ என்று யாரும் சொற்பொழிவு ஆற்றவில்லை, ஆனால் விஷயம் உடம்புக்கே புரிந்துவிடுகிறது. வீட்டிலும் பள்ளியிலும் ‘உன்னால்தான் பிரச்சினை’ என்றே கேட்டுக்கேட்டுப் பழகிய பெண்ணுக்கு இது புதுசு.

தண்ணீரிலும் இதே கதை. கேனோவில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். முன்னால் இருப்பவர் வேகத்தைத் தீர்மானிக்கிறார், தண்ணீருக்கடியில் இருக்கும் பாறையை முதலில் பார்ப்பவரும் அவர்தான். திசை பின்னால் இருப்பவர் கையில். துடுப்பை இழுத்து முடிக்கும்போது இலேசாகத் திருப்பி வெளியே தள்ளினால்தான் படகு நேராகப் போகும். அது பிடிபடும் வரை படகு ஏரியில் வளைந்து வளைந்து பாம்பு மாதிரி ஓடும், முதல் நாள் முழுவதும் ‘நீ சரியாகப் போடவில்லை’, ‘நீதான் போடவில்லை’ என்ற சத்தம் ஏரியெங்கும் கேட்கும். தம்பதிகளை ஒரே கேனோவில் ஏற்றினால் விவாகரத்துதான் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பழைய கேலிப்பேச்சே உண்டு.

பெண்கள் மட்டும் போவது ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. கலப்புக் குழுக்களில் என்ன நடக்கும் என்று யோசித்தால் போதும். பின் இருக்கையில் பையன் தானாகப் போய் உட்கார்ந்துகொள்வான், படகைத் தூக்கவும் அவனே முந்துவான், பாத்திரம் பெண்களிடம் வந்து சேரும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, பழக்கம் அப்படி. பையன் இல்லாத இடத்தில் எல்லா வேலையையும் பெண்தான் செய்தாக வேண்டும். அதோடு அந்த வயதில் ‘நான் எப்படித் தெரிகிறேன்’ என்ற கவலை தலையில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது! கண்ணாடியும் இல்லை, கேமராவும் இல்லை, எல்லார் தலையிலும் புகை வாடை. இரண்டாம் வாரத்தில் அந்தக் கவலை தளர்ந்துவிடும்.

மாதவிடாய் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெண்ணைப் பெற்றவர்கள் மனதில் முதலில் வரும், வாயில் கடைசியாக வரும் கேள்வி அது. வழிகாட்டிகள் முதல் நாளே வட்டமாக உட்கார வைத்துக் கூச்சமில்லாமல் பேசிவிடுவார்கள். பயன்படுத்தியதைக் காட்டில் புதைக்கவோ கழிப்பிடக் குழியில் போடவோ கூடாது. ஒவ்வொருத்தியிடமும் உள்ளே இருப்பது தெரியாத ஒரு பை இருக்கும், எல்லாம் அதற்குள் போய் ஊருக்குத் திரும்பி வரும். அப்புறம் கரடி. 1967-இல் மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் ஒரே இரவில் வெவ்வேறு இடங்களில் இரண்டு இளம்பெண்களைக் கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடிகள் கொன்றன. மாதவிடாய் வாடைக்குத்தான் கரடி வந்தது என்ற பேச்சு அப்போது கிளம்பி வெகுகாலம் ஓடியது. பவுண்டரி வாட்டர்ஸில் இருப்பது கருங்கரடி. லின் ராஜர்ஸ் என்ற ஆய்வாளர் இதே மினசோட்டாக் காட்டில் கருங்கரடிகளை வைத்துச் சோதித்துப் பார்த்து 1991-இல் முடிவை வெளியிட்டார்: கரடிகள் அந்த வாடையைச் சட்டையே செய்யவில்லை. கரடிக்கு வேண்டியது வேர்க்கடலை வெண்ணெய். அதனால்தான் சாப்பாட்டு மூட்டையை இரவில் மரத்தில் கட்டித் தொங்கவிடுகிறார்கள், அல்லது கரடி திறக்க முடியாத டப்பாவில் வைக்கிறார்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்? பெரிய ஏரியைக் கடக்க வேண்டுமென்றால் காற்று எழும்புவதற்கு முன் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். ஓட்ஸ் கஞ்சி, கூடாரம் மடிப்பு, மூட்டை கட்டல். நாள் முழுக்கக் கால் ஈரமாகவே இருக்கும், ஏனென்றால் படகைப் பாறையில் உரசவிடாமல் தண்ணீரிலேயே இறங்கி ஏற வேண்டும். இடி கேட்டால் உடனே கரைக்குப் போக வேண்டும், எவ்வளவு அவசரமானாலும். மதியம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும். மாலையில் முகாம், சமையல், பாத்திரம். இருட்டியதும் வட்டமாக உட்கார்ந்து அன்றைய நாளைப் பேசுவார்கள். யார் யாரிடம் கடிந்து பேசினார்கள், யார் சொன்ன வேலையைச் செய்யாமல் விட்டார்கள், எல்லாம் வெளியே வரும். பிறகு தூக்கம். இந்தத் தூக்கத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. விடிய விடியப் போனைப் பார்த்துக்கொண்டிருந்த பெண், ஒன்பது மணிக்குச் சுருண்டு விழுந்து காலை வரை தூங்குகிறாள். பாதி எரிச்சல் அதிலேயே வடிந்துவிடுகிறது.

பயணத்தின் பிற்பகுதியில் தனித்திருத்தல் என்று ஒரு கட்டம் வரும். ஏரிக்கரையில் ஆளுக்கு ஓரிடம் ஒதுக்கித் தருவார்கள். சிறு தார்ப்பாய், கொஞ்சம் சாப்பாடு, நோட்டு, பேனா. வயதையும் குழுவையும் பொறுத்துச் சில மணி நேரமோ ஓரிரு இரவோ தனியாக இருக்க வேண்டும். வழிகாட்டிகள் குறித்த நேரத்தில் வந்து தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போவார்கள், விசில் ஊதினால் ஓடி வருவார்கள். பலர் அங்கேதான் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

இதெல்லாம் ஏன் வேலை செய்கிறது? வழிகாட்டிகள் பலமுறை சொல்லும் விஷயம், ஏரி யாரையும் திட்டுவதில்லை என்பது. கூடாரத்தின் கயிற்றைச் சரியாகக் கட்டாவிட்டால் மழையில் நனைவாய், அவ்வளவுதான். அதில் அம்மாவின் ஏமாற்றமோ ஆசிரியரின் ஏளனமோ கலந்திருக்காது. அடுத்த நாள் கயிற்றை ஒழுங்காகக் கட்டினால் நனைய மாட்டாய். செயலுக்கும் விளைவுக்கும் நடுவில் வேறு யாரும் இல்லாதபோது, எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் போய்விடுகிறது. நம் வீடுகளில் எத்தனை விஷயங்கள், விஷயத்தை விட்டுவிட்டு அதைச் சொன்னவரின் தொனியைப் பற்றிய சண்டையாக மாறுகின்றன என்று நினைத்துப் பார்த்தால் இது புரியும்.

சரி, இப்போது குடும்பம்.

இளைஞர்களுக்கான சாகசப் பயணங்கள் ஏராளம், அவற்றில் பெரும்பாலானவை பிள்ளையை அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் கூட்டிப்போகும் வகை. தடுமாறும் பிள்ளைகளுக்கென்றே நடத்துபவை பெற்றோரையும் இழுத்துப்போடுகின்றன. அவுட்வர்ட் பவுண்டில் இன்டர்செப்ட் என்ற பெயரில் நடப்பது அப்படிப்பட்டது. கிளம்புவதற்கு முன்பே பெற்றோரிடமும் பெண்ணிடமும் பேசுவார்கள், மகள் காட்டில் இருக்கும் நாட்களில் பெற்றோருக்கும் செய்ய வேண்டியவை இருக்கும், பயணத்தின் முடிவில் நேரில் வந்து சில நாட்கள் கலந்துகொள்ள வேண்டும்.

பெற்றோருக்கு என்ன வேலை என்று சிலர் கோபப்படுவார்கள். ‘பிரச்சினை அவளிடம், எனக்கு எதற்கு வீட்டுப்பாடம்?’ ஆனால் யோசித்துப் பாருங்கள். மூன்று நான்கு வாரம் கழித்து அவள் திரும்பப்போவது அதே வீட்டுக்கு, அதே சாப்பாட்டு மேசைக்கு. அவள் கோபத்தைச் சொல்லப் பழகியிருக்கலாம், ஆனால் கதவைச் சாத்தினால்தான் அம்மா கவனிப்பார் என்ற பழைய விதி வீட்டில் அப்படியே இருந்தால், புதுப் பழக்கம் எத்தனை நாள் நிற்கும்? அதனால் கடிதத்துக்குப் பதில் எழுதச் சொல்வார்கள், அதில் அறிவுரை கூடாது என்பார்கள். எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பதின்வயது மகளுக்கு அறிவுரை இல்லாமல் ஒரு பக்கம் எழுதுவது எவ்வளவு கடினம் என்று. ‘நல்லா சாப்பிடு’ என்பதுகூட அங்கே அறிவுரைதான்.

குடும்பத்தோடு சேர்ந்து படகில் போகும் திட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு: மகள் பின்னால், அம்மாவோ அப்பாவோ முன்னால். காரணம் எளிது, படகோட்டத் தெரிந்தவள் அவள்தான். அம்மாவுக்குத் துடுப்பை எங்கே பிடிப்பது என்றே தெரியாது. முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. மகளின் முகத்தைப் பார்த்து மனநிலையைக் கணிக்க முடியாது, கண்ணால் அதட்டவும் முடியாது. ‘அம்மா, வலது பக்கம் மாத்திப் போடுங்க’ என்று குரல் வரும், மாற்றிப் போட வேண்டும். படகு வளைந்தால் ‘நீ என்ன பண்றே’ என்று திரும்பிப் பார்ப்பார், படகு ஆடும். ‘திரும்பாதீங்க, நான் பாத்துக்கிறேன்’ என்பாள் மகள். இதைச் சொல்லித்தர எந்த ஆலோசனை அறையாலும் முடியாது. பல வருடங்களாக ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்த தாய்க்கு, பார்க்காமலேயே நம்ப வேண்டிய ஒரு மணி நேரம் கிடைக்கிறது. மகளுக்கோ, தன் சொல்லைக் கேட்கும் அம்மாவைச் சுமந்துபோகும் பொறுப்பு.

அதற்குப் பிறகு மற்றக் குடும்பங்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவார்கள். இதில் ஒரு வேடிக்கை, தன் மகள் சொன்னால் காதில் ஏறாதது அடுத்த வீட்டு மகள் சொன்னால் சட்டென்று ஏறும். ‘என் அப்பா நான் வீட்டுக்குள் வந்ததும் பரீட்சையைப் பற்றித்தான் கேட்பார்’ என்று யாரோ ஒரு பெண் சொல்ல, எதிரே இருக்கும் இன்னொரு அப்பா தலையைக் குனிந்துகொள்வார். கடைசியில் வீட்டுக்கான ஒப்பந்தம் ஒன்றை எழுதுவார்கள்: இரவு எத்தனை மணிக்குள் வர வேண்டும், போன் எங்கே இருக்க வேண்டும், சண்டை முற்றினால் யார் எவ்வளவு நேரம் விலகியிருக்கலாம். சாதாரண விஷயங்கள்தான். ஆனால் இரு தரப்பும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இனி கசப்பான பக்கம். இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை விளம்பரமாகிவிடும்.

அமெரிக்காவில் ‘காட்டுச் சிகிச்சை’ என்ற பெயரில் ஒரு தொழிலே நடந்தது, இன்னும் நடக்கிறது. பெற்றோர் பணம் கட்ட, நள்ளிரவில் ஆட்கள் வந்து பிள்ளையைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போவார்கள். பாலைவனத்தில் நடக்க வைப்பார்கள், உடம்பு முடியவில்லை என்றால் நடிக்கிறாய் என்பார்கள். 1990-இல் அப்படிப்பட்ட முகாம்களில் 15, 16 வயதுப் பெண்கள் இருவர் அடுத்தடுத்து இறந்தார்கள், ஒருவர் நீரிழப்பில், ஒருவர் வெப்பத் தாக்குதலில். 2007-இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே இத்தகைய திட்டங்களில் நடந்த பத்து மரணங்களை ஆராய்ந்து நாடாளுமன்றத்தில் அறிக்கை வைத்தது. 2024 பிப்ரவரியில் வட கரோலினாவில் ஒரு முகாமில் 12 வயதுச் சிறுவன் வந்து சேர்ந்த முதல் இரவே இறந்தான். அந்த ஆண்டு டிசம்பரில், சிறுவர் விடுதிகளிலும் முகாம்களிலும் நடக்கும் கொடுமைகளை ஆராய வகைசெய்யும் சட்டம் வந்தது. பதின்வயதில் தானே இப்படிப்பட்ட விடுதியில் அடைபட்டிருந்த அமெரிக்கப் பிரபலம் பாரிஸ் ஹில்டன் அதற்காக வெளிப்படையாகப் போராடினார்.

கேனோ பயணமும் காட்டுச் சிகிச்சையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத் தெரியும். இரண்டையும் பிரிப்பது பெண்ணின் சம்மதம். அவள் வேண்டாவெறுப்பாகவாவது ‘சரி, போறேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஏமாற்றியோ தூக்கிக்கொண்டோ போகும் இடம் எதுவாக இருந்தாலும் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்பதுதான் என் கருத்து, அதில் எனக்கு இரண்டு யோசனை இல்லை. துடுப்பை நம்பிக்கையோடு கையில் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு முதல் அடியையே வஞ்சகத்தில் வைத்தால் மிச்சம் என்ன நிற்கும்?

இன்னொன்று, இந்தப் பயணம் மருத்துவம் இல்லை. வழிகாட்டிகள் வன முதலுதவியில் பயிற்சி பெற்றவர்கள், மனநல மருத்துவர்கள் அல்ல. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பெண்ணுக்கும், சாப்பாட்டையே வெறுத்து எடை சரிந்துகொண்டிருப்பவளுக்கும், போதைப்பொருளிலிருந்து இப்போதுதான் விடுபடுகிறவளுக்கும் முதலில் வேண்டியது மருத்துவர். அருகில் ஆஸ்பத்திரி இல்லாத ஏரி அவர்களுக்கு ஆபத்து. நல்ல அமைப்புகள் விண்ணப்பத்திலேயே இதையெல்லாம் கேட்டு, தேவைப்பட்டால் மறுத்துவிடும். எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்பவரிடம் சந்தேகப்படுங்கள். மகளோடு எப்போது பேசலாம், கடிதத்தை யாராவது படிப்பார்களா, மாத்திரை யார் பொறுப்பில் இருக்கும், நடுவில் உடம்பு முடியாமல் போனால் எத்தனை மணி நேரத்தில் வெளியே கொண்டுவருவீர்கள், வழிகாட்டிகளில் பெண்கள் உண்டா, இதையெல்லாம் தயங்காமல் கேட்கலாம். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் போனை வைத்துவிடலாம்.

பலன் உண்டா என்பதற்கு ஆராய்ச்சி என்ன சொல்கிறது? கல்வி ஆய்வாளர் ஜான் ஹேட்டியும் மற்ற மூவரும் 1997-இல் சாகசக் கல்வி பற்றிய 96 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பயணம் முடிந்தவுடன் தன்னம்பிக்கை, தன் மேல் கட்டுப்பாடு போன்றவற்றில் மிதமான முன்னேற்றம் தெரிந்தது. வியப்பான சங்கதி, அது பிறகு கரைந்துவிடாமல் இன்னும் கொஞ்சம் கூடியதாகவும் கண்டார்கள். பள்ளியில் செய்யும் பல திட்டங்களில் பலன் நாளாக ஆகக் குறையும், இங்கே அப்படி இல்லை. இருந்தாலும் ஆய்வுகளின் தரம் ஒரே மாதிரி இல்லை, பயணம் போகாத பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தவை குறைவு. ‘மிதமான’ என்ற சொல்லையும் மறக்க வேண்டாம். புது மகள் திரும்பி வருவாள் என்று எதிர்பார்த்து அனுப்பும் பெற்றோர் முதல் வாரத்திலேயே நொந்துபோவார்கள். அதே மகள்தான் வருவாள், கொஞ்சம் கறுத்து, கையெல்லாம் காய்த்து.

செலவு அதிகம், ஆயிரக்கணக்கான டாலர். உதவித்தொகை தரும் அமைப்புகள் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். டொராண்டோ பக்கம் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இன்னொரு வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. காரில் சுமார் மூன்று மணி நேரம் போனால் அல்கோன்குவின் பூங்கா. கேனோ, துடுப்பு, உயிர்காப்பு அங்கி எல்லாம் அங்கேயே வாடகைக்குத் தருவார்கள். வீட்டில் புகைச்சல் மட்டும்தான், தீப்பிடிக்கவில்லை என்றால், வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு குடும்பமாக இரண்டு இரவு போய்ப் பார்க்கலாம். மே மாதம் வேண்டாம், பனி உருகிய தண்ணீர் உயிரை எடுக்கும் குளிர்ச்சியில் இருக்கும், கருப்பு ஈக்களும் கிளம்பிவிடும். ஆகஸ்டு கடைசி நல்ல சமயம், கொசு குறைந்திருக்கும். நீச்சல் தெரிந்தாலும் அங்கியைக் கழற்றக் கூடாது. முதல் நாள் சின்ன ஏரி, நீளமான போர்ட்டேஜ் வேண்டாம். மகளுக்கு முன்கூட்டியே அரை நாள் துடுப்புப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்துவிட்டு, நீங்கள் கற்றுக்கொள்ளாமல் போங்கள்.